காத்திருக்காத கைகள்

மருத்துவமனைகளுக்குள் ‘லீன்’ முறை நுழைந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜப்பானில் தொடங்கி அமெரிக்காவில் முடிப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் டைச்சி ஓனோவும் அவருடைய சகாக்களும் வீண் வேலை, வீண் காத்திருப்பு, வீண் கையிருப்பு என்று ஒவ்வொன்றாகக் களைந்து ஓர் உற்பத்தி முறையை உருவாக்கினார்கள். 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் அதற்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தார். 2002இல் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் நிர்வாகிகள் கூட்டமாக ஜப்பான் போய், தொழிற்சாலைத் தளத்தில் நின்று பாடம் கேட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகு இங்கிலாந்து, கனடா என்று அலை பரவியது. இந்த வரிசையில் மதுரையின் பெயர் அபூர்வமாகவே வருகிறது. ஆனால் சியாட்டில்காரர்கள் விமானம் ஏறுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே, மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை அதே காரியத்தை வேறு பெயரில், சரியாகச் சொன்னால் பெயரே இல்லாமல், செய்துகொண்டிருந்தது. யார் முந்தினார்கள் என்ற பந்தயத்துக்காக இதை எடுக்கவில்லை. மதுரையின் கதையை வரிசையாகப் படித்தால், ஒரு மருத்துவமனையை மேம்படுத்துவது எது என்பதற்கு டொயோட்டாவின் கதை தருவதைவிடத் தெளிவான விடை கிடைக்கிறது. அங்கே நடந்த மாற்றத்தின் அச்சாணி, எந்த வேலையை யார் செய்வது என்று உட்கார்ந்து பிரித்து, அந்தந்த வேலைக்கு ஆளை வருஷக்கணக்கில் வளர்த்தெடுத்ததுதான். கருவியும் கைவேகமும் அதற்கு அடுத்தபடிதான் வருகின்றன.

ஒரே நாளில் நிறையப் பேருக்குக் கண்புரை எடுப்பது மதுரையின் கண்டுபிடிப்பல்ல. இந்தத் துணைக்கண்டத்தில் அதற்குப் பழைய மரபு உண்டு. சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குவெட்டாவில் பணியாற்றிய மிஷனரி மருத்துவர் ஹென்றி ஹாலண்ட், குளிர்காலங்களில் சிந்து மாகாணத்து ஷிகார்பூருக்கு இறங்கி வந்து, சில வாரங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கண்புரை எடுத்துவிட்டுப் போவார். அந்த வித்தையைக் கற்க அமெரிக்க மருத்துவர்கள்கூடக் கப்பலேறி வந்தார்கள். பஞ்சாபில் மோகா என்ற ஊரைக் கண் சிகிச்சைக்கென்றே பேர்பெற வைத்தவர் மதுரா தாஸ். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஷிகார்பூரின் அளவு ஹாலண்டின் உடம்பு தாங்கிய அளவு. அவர் வந்தால் முகாம், வராவிட்டால் இல்லை. ஒரு மாமனிதரின் கையில் நின்ற சேவை அந்தக் கையோடு முடங்கும். நம்மூரில் கைராசிக்காரர் என்று ஒரு மருத்துவரைத் தேடிப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது நோயாளிக்குத் தெம்பு தரலாம், மருத்துவமனை கட்ட உதவாது.

கையின் வேகத்தை விட்டுவிட்டுக் கையின் காத்திருப்பை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரெத். இவர் மருத்துவர் அல்ல, கட்டடக்காரர். செங்கல் அடுக்கும் கொத்தனாரின் அசைவுகளைக் கவனித்து, பதினெட்டு அசைவில் முடிந்த வேலையை ஐந்துக்குள் கொண்டுவந்து பெயர் பெற்றவர். 1910களில் அவர் திரைப்படக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அறுவை அரங்குகளுக்குள் போனார். அறுவை மருத்துவர் அறுப்பதைவிட அதிக நேரம் கருவியைத் தேடுவதிலேயே கழிக்கிறார் என்பது அவர் கண்டது. மருத்துவர் கையை நீட்டினால் போதும், வேண்டிய கருவி உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். அதற்கென்றே தனியாக ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். இன்று எந்த அறுவை அரங்கிலும் அதுதான் நடைமுறை. ஆனால் கில்பிரெத் அங்கேயே நின்றுவிட்டார். கருவி நீட்டும் அந்த ஆள் யார், அவருக்கு வேறென்ன தெரியும், அவர் எங்கிருந்து வருகிறார் என்ற கேள்விகள் அவருடைய படச்சுருளில் பதியவில்லை.

மதுரையில் அந்தக் கேள்விகளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து, ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளி, விரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கியது. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளைச் செய்துகொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். 1956இலிருந்து மதுரை அரசு மருத்துவக் கல்லூரியிலும், இன்று இராசாசி பெயரில் இருக்கும் எர்ஸ்கின் மருத்துவமனையிலும் கண் துறைத் தலைவர். இந்த வரலாற்றில் கோணல் விரல்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே அவர் கிராமங்களில் முகாம்கள் நடத்தியதும், 1970களின் தொடக்கத்தில் கண் மருத்துவ உதவியாளர்களுக்கென்று ஒரு பயிற்சியைத் தொடங்கியதும். அப்போது தனி மருத்துவமனை என்ற யோசனைக்கு உருவமே கிடையாது. ஆனாலும் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. 1970களின் முதல் பாதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய கணக்கெடுப்பில், மக்கள்தொகையில் நூற்றுக்கு 1.38 பேர் பார்வையற்றவர்கள் என்று தெரிந்தது. அதில் பாதிக்கு மேல் கண்புரை, அதாவது சரிசெய்யக்கூடிய குருடு. நாட்டில் இருந்த கண் மருத்துவர்களோ சில ஆயிரம் பேர், அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டி இந்தக் கடனை அடைக்க முடியாது. இருக்கும் மருத்துவர் செய்யும் வேலைகளில் எவை அவர் செய்தே ஆக வேண்டியவை என்று கேட்டால் மட்டுமே வழி பிறக்கும்.

1976இல், ஓய்வுபெறும் வயதான 58இல், அவர் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். பார்வை இழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டு. தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். தம்பி சீனிவாசன் பொறியாளர். வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கிய நிறுவனம், 1981இல் கட்டணப் பிரிவுக்கென்று 250 படுக்கை கொண்ட கட்டடமாகவும், 1984இல் இலவசப் பிரிவுக்கென்று 350 படுக்கையாகவும் வளர்ந்தது; தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பின்னால் விரிந்தது. காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் கட்டணம், கொடுக்க முடியாதவரின் செலவைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படித் தாங்க வேண்டுமானால் ஒரு கண்ணுக்கான செலவு மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து வியந்ததையும், எந்த ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே பண்டத்தைத் தர ஆட்களைப் பழக்கும் அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டதையும் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஸ்ரீ அரவிந்தரின் பக்தர் ஒருவர் பர்கர் கடையைக் குருவாக ஏற்றது வேடிக்கைதான். ஆனால் அவர் அங்கே பார்த்தது பர்கரை அல்ல. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சில மாதப் பயிற்சியில் பிசகில்லாமல் வேலை செய்ததை.

அறுவை அரங்குக்குள் கொஞ்சம் நெருங்கிப் போவோம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. நடுவில், இருபக்கமும் திருப்பக்கூடிய நுண்ணோக்கி. முதல் மேசையில் இருப்பவருக்கு மருத்துவர் லென்ஸ் பொருத்திக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மேசையில் இன்னொருவர் படுக்க வைக்கப்பட்டு, கண்ணைச் சுற்றி மருந்தால் துடைக்கப்பட்டு, பச்சைத் துணி போர்த்தப்பட்டுத் தயாராகிவிடுவார். மரத்துப்போவதற்கான ஊசி அதற்கு முன்பே வேறோர் அறையில் போட்டாகிவிட்டது. முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நுண்ணோக்கியை இழுத்தால் போதும், அடுத்த கண். அவர் முதுகுக்குப் பின்னால் முதல் நோயாளிக்குக் கட்டுப் போட்டு, எழுப்பி, கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்விடுவார்கள். காலியான மேசைக்கு மூன்றாமவர் வருவார். கருவித் தட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது, மேசைக்கு மேசை மாறாது; அதே தட்டுகள் பல செட்டுகளாக ஆவிக் கலத்துக்குள் போய்க் கிருமி நீங்கி வந்துகொண்டே இருக்கும். இப்படி மணிக்கு ஆறு முதல் எட்டுக் கண்கள். ஆண்டுக்கு ஒரு மருத்துவர் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார். நாட்டின் சராசரி சில நூறுதான். இந்த வித்தியாசத்தைக் கேட்டவுடன் விரல் மின்னல் வேகத்தில் ஓடுகிறது என்று தோன்றும். உண்மையில் ஒரு கண்ணில் செலவாகும் நேரம் நல்ல மருத்துவர் எவருக்கும் ஆகிற நேரம்தான். மற்ற இடங்களில் ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவே கரைந்துபோகும் கால் மணி, அரை மணி இங்கே கரைவதில்லை.

இரண்டு மேசை போடுவது எந்த மருத்துவமனைக்கும் பெரிய காரியமல்ல. அந்த இரண்டு மேசைகளைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்பதுதான் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி தந்து, ஒவ்வொருவரையும் ஒரு குறிப்பிட்ட வேலையில் தேர்ந்தவராக்குவது அரவிந்தின் முறை. இந்தப் பயிற்சியைக் கட்டி எழுப்பியதில் நாச்சியாரின் பங்கு பெரியது. நிறுவனத்தின் ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்களே. புறநோயாளியாக வருபவர் பதிவு மேசையில் பெயர் கொடுத்ததிலிருந்து மருத்துவர் முன் உட்காரும் வரை சந்திப்பவர்கள் எல்லாரும் இந்தப் பெண்கள்தான். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்வையை அளப்பவர் ஒருவர். கண்ணின் அழுத்தம் பார்ப்பவர், கண்ணீர்க் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்ப்பவர் இன்னொருவர். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைப்பது எல்லாம் முடிந்து, தாளில் எல்லா அளவுகளும் ஏறிய பிறகுதான் அவர் மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் முடிவைச் சொன்னதும், ஆபரேஷன் என்றால் என்ன, எவ்வளவு ஆகும், துணைக்கு யார் வர வேண்டும் என்று பொறுமையாக விளக்க மீண்டும் ஒரு பெண். முன்பதிவு தேவையில்லை, வந்தவரை அன்றே பார்த்தனுப்ப வேண்டும் என்ற விதியும் இந்தச் சங்கிலி அறாமல் ஓடுவதால்தான் நடக்கிறது.

இதே காலத்தில் மாஸ்கோவில் ஸ்வியாத்தஸ்லாவ் ஃபியோதொரோவ் என்ற புகழ்பெற்ற கண் மருத்துவர் வேறொரு வழியை முயன்றார். நோயாளிகளைப் படுக்கையோடு நகரும் பட்டையில் ஏற்றி, வரிசையாக உட்கார்ந்த மருத்துவர்கள் ஆளுக்கொரு கட்டத்தை முடித்து அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். 1980களில் உலகப் பத்திரிகைகள் அந்தப் படங்களை ஆவலோடு போட்டன. கார்த் தொழிற்சாலையை அப்படியே பெயர்த்து வந்தது அதுதான், மதுரையல்ல. மதுரையில் கண்ணைத் திறந்த மருத்துவரேதான் அதை மூடுகிறார். ஒரு கண்ணின் பொறுப்பு துண்டு துண்டாக உடையவில்லை. மருத்துவரின் வேலையைச் சுற்றியிருந்த வேலைகள்தான் பிரிக்கப்பட்டன.  மதுரையின் ஏற்பாடு ஐம்பதாவது ஆண்டைத் தொட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீண் எது என்று தேடும் கண் அரங்கோடு நிற்கவில்லை. 1980கள் வரை கண்புரை எடுத்தவருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அது உடைந்தால், தொலைந்தால், ஆபரேஷனே வீண். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்ட பிறகும், ஏழை நாட்டுக்கு அது ஆடம்பரம் என்று அறிவுரை சொன்ன நிபுணர்கள் இருந்தார்கள். அன்று இறக்குமதி லென்ஸின் விலை நூறு டாலர் அளவில் இருந்ததும் அவர்களுக்கு வசதியான வாதம். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற ஆலை தொடங்கி, லென்ஸ் பத்து டாலருக்கும், பிறகு அதைவிடக் குறைந்த விலைக்கும் இறங்கியது. 3,400 பேரிடம் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டு மதுரையில் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. லென்ஸ் வைத்தவர்களின் பார்வையும் அன்றாட வாழ்க்கையும் மேலாக இருந்ததை அது காட்டியபின் ‘ஏழைக்குக் கண்ணாடி போதும்’ என்ற பேச்சு எடுபடவில்லை. முகாம்களும் உருமாறின. பள்ளிக்கூடக் கட்டடத்தில் மேசை போட்டு அறுப்பது நின்று, கிராமத்தில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில் என்றானது. பஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசமாகச் சேர்ந்தன. அறுவை இலவசம் என்று சொன்னபோது வராதவர்கள், பஸ்ஸும் சோறும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வருகிறார் என்றதும் ஏறி உட்கார்ந்தார்கள். கண் தெரியாத கிழவிக்கு மதுரை போய்வரும் செலவும், கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வரும் மகனின் ஒரு நாளும் சேர்ந்ததுதான் ஆபரேஷனின் விலை என்று புரிந்துகொண்டது, எந்த மேலாண்மைப் பாடத்தையும்விடப் பெரிய பாடம்.

இனி மறுப்புகள். முதலாவது, எல்லாரும் உடனே எழுப்புவது: மனிதரைச் சரக்குப்போலத் தள்ளிவிட்டால் தரம் என்னவாகும்? இதற்குப் பதில் எண்ணிக்கையில் கிடைக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு அஞ்ச வேண்டியது கண்ணுக்குள் சீழ்பிடிப்பது. மதுரையில் அடுத்தடுத்து நடந்த 42,000க்கும் மேற்பட்ட அறுவைகளைப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது; 38 பேருக்கு, அதாவது பத்தாயிரத்துக்கு ஒன்பது பேருக்கு, அந்தத் தொற்று வந்திருந்தது. மேலைநாட்டு நல்ல மருத்துவமனைகளோடு தயங்காமல் ஒப்பிடலாம். பிறகு, அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தும் வழக்கம் வந்து, 6 லட்சம் அறுவைகளை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, விகிதம் பத்தாயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியதைக் காட்டியது. இத்தனைக்கும் ஒரே அரங்கில் இரண்டு நோயாளிகள் படுத்திருப்பது, ஒருமுறைப் பயன்பாட்டுக்கான பொருள்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது போன்றவை பல நாடுகளின் விதிப்படி கூடாதவை. அந்த விதிகளைக் கடைப்பிடிக்கும் இங்கிலாந்தில் ஒரு கண்புரை அறுவை காற்றில் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் அரவிந்தில் வெளியாகிறது என்று 2017இல் இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதுதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்டம் காண்கிறது. ஆனால் மதுரையின் விதிவிலக்குகளை மதுரையின் ஒழுங்கு இல்லாத இடத்தில் பின்பற்றினால் கண்கள் போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. கட்டணப் பிரிவில் தனியறை. இலவசப் பிரிவில் தரையில் பாய். அதோடு, பயிற்சி மருத்துவர்கள் யார் கண்ணில் கற்றுக்கொள்கிறார்கள்? ஏறக்குறைய 80,000 அறுவைகளை ஆராய்ந்து அரவிந்த் மருத்துவர்களே 2012இல் வெளியிட்ட கட்டுரையில், நிரந்தர மருத்துவர்கள் கையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சிக்கல்கள், முதுநிலை மாணவர்கள் கையில் இரண்டு விழுக்காடாகவும், வெளியிலிருந்து பயில வந்தவர்கள் கையில் ஐந்து விழுக்காடாகவும் இருந்தன. கற்பவரின் கை தடுமாறும் என்பது எந்தப் போதனா மருத்துவமனைக்கும் பொது. அரசு மருத்துவமனையிலும் ஏழையின் உடம்பில்தான் வருங்கால மருத்துவர் கற்கிறார். அது அநீதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யார் கையில் எத்தனை சிக்கல் என்று கையைப் பிரித்துக் கணக்கு வைத்திருப்பதும், அதை வெளியில் சொல்வதும் அந்த அநீதியைக் குறைக்கும் முதல் வேலை. கணக்கே வைக்காத மருத்துவமனைகளில் அந்த ஐந்து விழுக்காடு எவ்வளவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

கண்புரைக்குச் சரி, மற்ற நோய்க்கு இது ஒத்துவருமா என்பது மூன்றாவது. கண்புரை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது, நாளை செய்தாலும் ஓடிப்போகாது, பத்து நிமிடத்தில் முடிகிறது. நள்ளிரவில் விபத்தில் சிக்கி வருபவரை இந்தச் சங்கிலியில் கோக்க முடியாது. இந்த வரம்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற சிகிச்சைகளில் நடந்ததைப் பார்த்தால் வாதம் வலுக்கவே செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் எட்டு நகரங்களில், புது தில்லி உட்பட, சோதிக்கப்பட்டபோது அறுவைக்குப் பின்னான இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் செய்தி வந்தது. கத்தி வைக்கும் முன் அரங்கில் இருக்கும் எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் அதே பட்டியலை நூற்றுச்சொச்சம் மருத்துவமனைகளில் கட்டாயமாக்கியது. 2014இல் முடிவைப் பார்த்தால், இறப்பிலும் சிக்கலிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதே தாள்தான். ஓரிடத்தில் அது ஆட்களைப் பழக்கும் முயற்சியோடு வந்தது. இன்னோரிடத்தில் ஆணையாக வந்து, கட்டங்களில் டிக் அடிக்கும் வேலையாக முடிந்தது. சியாட்டிலில் ஜப்பான் பயணம் போய்வந்த இரண்டாவது ஆண்டிலேயே, 2004இல், பெயர் ஒட்டாத கிண்ணத்தில் இருந்த கிருமிநாசினியை மருந்தென்று நினைத்துச் செலுத்தியதால் ஒரு நோயாளி இறந்துபோனார். மருத்துவமனை அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னது அதன் பெருமை. ஆனால் முறை கைவந்துவிட்டதாக நம்பிய இடத்திலும், தட்டில் எது எங்கே இருக்க வேண்டும், யார் அதற்குப் பொறுப்பு என்ற மிகச் சாதாரண கேள்விக்கு விடை நிலைபெறவில்லை.

மதுரையின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவர்களே சேர்ந்து நடத்திய ஆய்வுதான். 1990களில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விசாரித்தபோது, கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான் என்று தெரிந்தது. அரங்கில் ஒரு நிமிடம்கூட வீணாகாத மருத்துவமனை, அதன் வாசலுக்கு வராத 93 பேரைப் பார்க்கவே இல்லை. தொழிற்சாலை உவமையின் குறை இங்கேதான் தெரிகிறது: தொழிற்சாலை, வாங்க வருபவருக்காக மட்டும் உற்பத்தி செய்யலாம், மருத்துவமனைக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த ஏழு விழுக்காட்டுக்கு விடையாக 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் தொடங்கின. இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் சுற்றுவட்டாரத்தில் ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு. அங்கே மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண்தான் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, கணினி வழியே மருத்துவரிடம் காட்டி, நோயாளியையும் அவரோடு பேசவைத்து, கண்ணாடியும் செய்து கொடுக்கிறார்.

அரங்கில் மருத்துவருக்கு இடமும் வலமும் நின்றவர், இப்போது ஓர் ஊருக்குக் கண் மருத்துவமனையாகவே ஆகிவிட்டார். எனவே கடைசி மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்தப் பெண்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்ததால்தானே இத்தனையும்? பாதி உண்மை. அவர்கள் பதிவுபெற்ற செவிலியர்கள் அல்ல. கற்ற வேலை நுட்பமானது என்றாலும் அதற்கு வெளியில் மதிப்புக் குறைவு. திருமணம் ஆனதும் பலர் விலகிப்போகிறார்கள், அந்த இடத்துக்கு அடுத்த அணி வருகிறது. இது ஏற்பாட்டின் பலமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. மறுபாதி உண்மை, 1980களில் ராமநாதபுரத்திலோ தேனியிலோ பள்ளி முடித்த விவசாயி மகளுக்கு, தங்குமிடத்தோடு தொழில் கற்றுத் தந்து, சம்பளமும் கொடுத்து, வீட்டார் நம்பி அனுப்பக்கூடிய இடம் அதிகம் இல்லை என்பது. இன்று நிலைமை வேறு. உயர்கல்விக்குப் போகும் பெண்களின் பங்கில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. அதே ஊர்ப் பெண் செவிலியர் பட்டம், பொறியியல், ஓசூர் ஆலை வேலை என்று பல வாசல்களைப் பார்க்கிறார். மருத்துவரின் ஒரு நிமிடத்தின் விலையைக் கறாராகக் கணக்கிட்டு எழுந்த ஏற்பாடு, அந்த நிமிடத்தை மிச்சப்படுத்தித் தருபவரின் விலையையும் அதே கறாரோடு போட வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. சம்பளம், வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழ், மணமான பின்னும் வேலையில் நீடிக்க வழி ஆகியவை இல்லாமல் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு மேசையைச் சுற்றி நிற்க ஆள் கிடைப்பது சந்தேகம்.